முப்பத்தாறு படத்திலும் பிரமிட் இல்லை

நான் எகிப்துக்குப் போய்வந்தவன். இதைச் சொன்னால், நாங்கள் இருக்கிற ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்க நகரமான கெல்சென்கிர்ச்சனில் இன்றைக்கும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதற்குக் காரணம் என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான்.

விடுமுறைக்கு நாங்கள் எங்கே புறப்பட்டாலும் கடைசியில் போய்ச் சேர்வது பாரிசில் உறவினர் வீட்டுக் குசினிதான். இத்தாலி என்று சொல்லிப் புறப்பட்ட வருடமும் அங்கேதான் ஆட்டிறைச்சிக் கறிக்கு வெங்காயம் உரித்தேன். ஆகவே எகிப்துக்கு டிக்கெட் எடுத்தபோது மச்சான் எல்லார் முன்னாலும் சொன்னார்: "உவரால ஏலாது. பிரமிட்டைப் படத்தில கண்டால்தான் நம்புவன்." எனக்குப் பொல்லாத ரோசம் வந்துவிட்டது. இந்த மனுசனை நம்பவைக்காமல் விடுவதில்லை என்று பிலிம் கமராவோடு போனேன்.

பாலைவனம் என்றால் வெறுமை என்று நினைத்திருந்தேன். எங்கே! நல்லூர்த் திருவிழா மாதிரிச் சனம். பிரமிட்டை நான் கழுத்து நோக அண்ணாந்து பார்த்தேன். மனைவிக்கோ, "இவ்வளவு கல்லையும் ஆர் தூக்கினது? பாவங்கள்" என்று உண்மையான கவலை.

எங்கள் ஆட்களுக்கு ஆளில்லாத படம் எடுத்தால் பிலிம் வீண். ஆள் நிற்கவேண்டும், முகம் தெளிவாகத் தெரியவேண்டும். கலியாண வீடுகளில் படம் எடுத்தே பழகிய கை என்னுடையது. "கிட்ட வாரும், இன்னும் கிட்ட, முகம் வடிவாத் தெரியேல்லை" என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தாறு படத்தையும் எடுத்து முடித்தேன்.

படங்களைக் கழுவி எடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வந்து சோபாவில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கல்லுச் சுவருக்கு முன்னால் மனைவி. மணலில் மனைவி. மனைவியும் ஒட்டகத்தின் கழுத்தும். பிரமிட் எங்கே என்று நானே தேடினேன். அவ்வளவு பெரிய சாமானை ஒரு மனுசி முழுதாக மறைத்துவிட்டாள்!

"உது எங்கட சுரங்கத்து மண்மலை அல்லோ?" என்றார்.

"அப்ப ஒட்டகம்?"

"போன மாசம் சர்க்கஸ் வந்தது."

கடவுச்சீட்டில் அரபு எழுத்தில் குத்திய முத்திரையைக் காட்டினேன். "உதை ஆர் வாசிக்கிறது?" என்று திருப்பித் தந்தார். "சத்தியமாப் போனனாங்கள் அண்ணை" என்றாள் மனைவி. "நீ புருசனுக்காகச் சொல்லுவாய்." எனக்கு அழுகை வராத குறை.

பிறகு ஒரு படத்தில் அவர் கை நின்றது. ஒட்டகம் சால்வையைக் கடித்து இழுக்க, மனைவி கண்ணை மூடிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஜெர்மனிக்கு வந்த பிறகு இவள் இப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை," என்றார். "எங்கயோ தூரமாத்தான் போயிருக்கிறியள்."

படத்தைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

"ஆனா எகிப்து இல்லை."