இரண்டு வீட்டுக்கும் ஒரே நாற்காலி

செங்கல்பட்டில் எங்கள் வாடகைச் சாமான் கடை உருவானதற்கு ஒரு உடைந்த நாற்காலிதான் காரணம். அந்த நாற்காலி எங்களுடையதுகூட இல்லை.

என் மாமனார் இறந்தபோது கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு சின்ன போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவர் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று பக்கத்துத் தெரு வாடகைக் கடைக்கு ஆள் அனுப்பினோம். சாவு வீடு என்று கேட்டதும் கடைக்காரர் பின்னால் ஒதுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டார். ஒன்றுக்குக் கை இல்லை, ஒன்றுக்கு முதுகில் விரிசல், ஒன்று தொட்டாலே ஆடியது.

என் கணவரின் மேலதிகாரி மாலை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கனமான மனிதர். நாற்காலியின் நாலு காலும் நாலு திசைக்குப் போயின, அவர் மல்லாந்துவிட்டார். மாரில் அடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அப்பாவைப் பறிகொடுத்த மனிதர், விழுந்தவரின் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தக் கடைக்காரரிடம் நேராகவே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"சாவு வூட்டுக்கு எவனாவது நல்ல சேரு குடுப்பானாம்மா? அங்க போய்ட்டு வந்தத அப்பறம் கல்யாணத்துக்கு எப்டி அனுப்பறது?"

எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல காரியத்துக்கு ஒரு செட், கெட்ட காரியத்துக்கு ஒரு செட். கெட்ட காரியத்து செட் என்றால் தூக்கிப் போட மனசு வராத சாமான் என்று அர்த்தம்.

நான் சீட்டுப் பணம் எடுத்துச் சிவப்பு நாற்காலிகள் வாங்கினேன். என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் போர்ஷனில் மனிதர்கள் படுக்கவே இடம் போதாது, இதில் நாற்காலிகள் அடுக்கடுக்காக உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. தெருவில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் இறங்கியது அவைதான். வாடகை கிடையாது. திரும்பி வந்ததும் மஞ்சள் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைப்பேன். அடுத்த நாள் அதே நாற்காலி நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக்குப் போகும். கேட்டால் மறைக்க மாட்டேன். வேண்டாம் என்றவர்களும் உண்டு. வேறு கடைக்குப் போங்கள் என்று நானே வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன், அதுவும் அவ்வளவு மரியாதையான குரலில் இல்லை.

கடை எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நாற்காலிக்குப் பிறகு பாத்திரம், பாத்திரத்துக்குப் பிறகு சாமியானா, ஜெனரேட்டர், ஒரு பழைய வண்டி. கணவரின் தம்பி வண்டி ஓட்ட வந்தார். கணவரும் ஓய்வு பெற்ற மறுநாளே கல்லாவில் வந்து உட்கார்ந்து, ஏதோ தானே கட்டிய கோட்டை போல எல்லாரையும் அதிகாரம் செய்ய ஆரம்பித்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாவு வீட்டுக்குப் போவது மட்டும் மாறவில்லை. இதைத் தருமம் என்று சிலர் மேடையில் ஏற்றிப் பேசியிருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கோபத்தில் தொடங்கிய காரியம் அது. கோபம் ஆறிய பிறகும் பழக்கம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். யார் வீடு, என்ன விவரம் என்றுகூடக் கேட்க மாட்டோம். எந்தத் தெரு என்று மட்டும் கேட்போம். இறக்கி வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவோம், எடுக்கும்போதும் அப்படித்தான்.

என் மகன் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். ஒரு நாள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, இனி கடையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவன் எங்கள் தொழிலுக்கு ஈவென்ட் என்று பெயர் வைத்தான். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தான். மாமல்லபுரம் கடற்கரையோரம் புல்வெளிகளில் நடக்கிற கல்யாணங்கள்தான் இனி எதிர்காலம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பெயரும் அந்தப் பக்கம் மெல்லப் பரவத் தொடங்கியிருந்தது.

இந்த ஆவணியில் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. மாமல்லபுரத்துக்கு இப்பால், கடலைப் பார்த்த ஒரு புல்வெளி. பெண்ணின் தாய்மாமாதான் பேச வந்தார். அவருக்குச் சகுனம் பார்ப்பதில் அதிக நம்பிக்கை. சாவு வீட்டுக்குப் போன ஒரு சாமான்கூட உள்ளே வரக்கூடாது என்றார். என் மகன் கொஞ்சமும் யோசிக்காமல், "எல்லாமே புதுசு சார்" என்றான்.

அவர் போன பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது. சாவு வீட்டுக்குத் தனி செட் போட்டுவிடலாம் என்றான் மகன். நல்லதெல்லாம் கல்யாணத்துக்கு, நிறம் மங்கியதும் விரிசல் விட்டதும் சாவுக்கு. ஊரே அப்படித்தான் செய்கிறது, நாம் இலவசமாகத்தானே கொடுக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்றான்.

"நீ இன்னாடா பேசற? சாவு வூட்ல குந்தறவன் மனுசன் இல்லியா?" என்றேன்.

"அம்மா, நாளைக்கி இது வெளிய தெரிஞ்சா அந்தப் பக்கம் ஒரு ஆர்டர் வராது. அப்பறம் நீ சாவுக்கும் அனுப்ப முடியாது, வாழ்வுக்கும் அனுப்ப முடியாது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம். சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுங்கள் என்று என் கணவர் இலை போட்டார். கடைசியில் அவர்தான் ஒரு தீர்ப்பும் சொன்னார். இந்தக் கல்யாணத்தில் சாமானைப் பற்றி ஒரு புகார் வந்தாலும் மகன் சொல்கிறபடி தனி செட். வரவில்லை என்றால் என் வழக்கம் அப்படியே இருக்கும், இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரக் கடைசியில் படாளத்திலிருந்து ஒரு சாவு சொல்லி அனுப்பினார்கள். வயசான அம்மா ஒருவர். சாமியானா, பக்கப் படுதா, நாற்காலி எல்லாம் போயின. எடுக்கப் போன அன்று நல்ல மழை. ஆட்கள் அவசர அவசரமாகப் படுதாவைச் சுருட்டி வண்டியில் எறிந்துவிட்டு வந்தார்கள். நாற்காலிகளை நானே நின்று கழுவ வைத்தேன். படுதா கல்யாணத்துக்குத் தேவைப்படாது என்பதால் அது வண்டியிலேயே கிடந்தது.

கல்யாண வரவேற்பு அன்று மத்தியானமே புல்வெளிக்குப் போய்விட்டோம். நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு முதுகில் ரிப்பன் கட்டியிருந்தான் மகன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேடையைச் சுற்றி வெள்ளை வலைத் துணி தொங்கியது. வெயில் தாழ்ந்ததும் கடல் காற்று கிளம்பியது. வலைத் துணி பட்டம் மாதிரி பறந்து மேடையில் வைத்த பூ ஜோடனையை இழுத்துத் தள்ளியது. காற்றைத் தடுக்கக் கனமான துணி வேண்டும் என்று மகன் இங்கும் அங்கும் ஓடினான். வண்டியில் பக்கப் படுதா இருப்பது அவனுக்குத்தான் ஞாபகம் வந்தது. அவனே போய் எடுத்துவந்து, கடல் பக்கம் நட்டிருந்த கம்பங்களில் கட்டி, சுருளை அவிழ்த்துவிட்டான்.

படுதா விரிந்தது. நடுவில் ஒரு அம்மாவின் முகம். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி.

படாளத்து வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்களாம், சுவரில் ஒட்டினால் பாழாகும் என்று உறவுக்காரர் யாரோ எங்கள் படுதாவில் போஸ்டரை ஒட்டிவிட்டார். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், என் நல்ல நாற்காலிகள் இனி சாவு வீட்டுக்குப் போகாது. மகன் என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அதை இறக்குவதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் கல்யாணப் பெண். அலங்காரம் முடிந்து, கடலோரம் நின்றிருந்த போட்டோகிராபரிடம் போகிற வழியில் அந்தப் பக்கம் வந்திருக்கிறாள். படுதாவுக்கு எதிரே நின்று போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தாள். போட்டோவில் அந்த அம்மா தலை நிறையப் பூ வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருப்பார்கள்.

"இவங்க யாரு ஆன்ட்டி?" என்றாள்.

வேறு யாரோ கொண்டுவந்த துணி என்று சொல்லியிருக்கலாம். மகன் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"படாளத்துல ஒரு வயசான அம்மா. இப்பதான் போய்ட்டாங்க. இந்தத் துணி அங்க போனது கண்ணு. சேருங்களும் போனதுதான், கழுவித்தான் எடுத்தாந்தோம். உங்க மாமாகிட்ட எல்லாம் புதுசுன்னு சொன்னது தப்பு."

காற்றில் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அப்பா இறந்தப்போ எங்க குவார்ட்டர்ஸுக்கு உங்க சேர்தான் வந்துச்சு," என்றாள். "கல்பாக்கத்துல எங்களுக்குன்னு யாரும் கிடையாது. சொந்தக்காரங்க எல்லாம் தெக்கேருந்து வந்து சேரணும். அக்கம்பக்கத்துல யாரோ ஃபோன் பண்ணாங்க, உங்க வண்டி வந்துச்சு. எல்லாம் நல்ல நல்ல சேரா இருந்துச்சு. அதை என்னால மறக்கவே முடியல. தெரியாத யாரோ எங்க அப்பாவுக்கு மரியாதை செஞ்ச மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு வண்டியில எழுதியிருந்ததைப் பாத்து வச்சேன். மாமாவுக்கு உங்க நம்பர் குடுத்தது நான்தான்."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. எந்தத் தெரு, எந்த நாள், எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வீட்டில் நான் இறங்கினேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

அவள் மறுபடி போஸ்டரைப் பார்த்தாள். மாமா வருவதற்குள் எடுத்துவிடச் சொன்னாள். என் மகன் கிழிக்கக் கையை நீட்டினான்.

"கிழிக்காதீங்க அண்ணா. முகம் கிழியாம எடுங்க."

அவன் ஓடிப்போய்ச் சமையல் பந்தலிலிருந்து ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்தான். மைதா பசை நன்றாக இறுகியிருந்தது. ஓரத்தை நனைத்து நனைத்து, கட்டை விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி எடுத்தான். அவள் அது முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். போட்டோகிராபர் தூரத்திலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முகம் முழுசாக வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கடல் பக்கம் நடந்தாள்.

வரவேற்பு நல்லபடியாக நடந்தது. பந்தி முடிந்து தாய்மாமா ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலையை மென்றபடி அதன் கையைத் தட்டிப் பார்த்தார். எல்லாமே புதுசு என்பது உட்கார்ந்தாலே தெரிகிறது என்று என்னிடம் பாராட்டினார். நான் கும்பிடு போட்டேன். பக்கத்தில் நின்ற என் மகன் தரையில் கிடந்த ரிப்பனைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டான்.

வீட்டில் கணவர் தீர்ப்பு என்ன என்று கேட்டார். புகார் இல்லை என்றேன். ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் மகன் காய்ந்த போஸ்டரை எடுத்துக்கொண்டு படாளம் போனான். அந்த வீட்டு மகள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் என்று சொன்னான்.

அடுத்த கல்யாணத்துக்கென்று அவன் ஆர்டர் கொடுத்திருந்த வெள்ளை நாற்காலிகள் சில நாளில் வந்து இறங்கின. தங்க நிறக் கம்பி வைத்தவை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அன்று காலை எங்கள் பழைய தெருவிலிருந்தே ஒரு சாவு சொல்ல ஆள் வந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கடைப் பக்கம் வருவதற்குள் மகன் வண்டியைத் திறந்து ஏற்ற ஆரம்பித்திருந்தான். வெள்ளை நாற்காலிகளை. ஒவ்வொன்றின் உறையையும் பல்லால் கடித்துக் கிழித்து, துணியால் ஒரு தடவை துடைத்து ஏற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், அது கல்யாணத்துக்கு வாங்கினதுடா," என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல இங்க போவட்டும்மா. அப்பறம் கழுவி கல்யாணத்துக்கு அனுப்பிக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பார்த்துவிடக் கூடாதே என்று மஞ்சள் தூள் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.