ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருடைய மூக்கு

எங்கள் சமையலறையில் இரண்டு கட்சி. ஃபில்டர், பால், சர்க்கரை எல்லாம் என் கட்சி. கூம்பு மாதிரி ஒரு பீங்கான் புனல், அதற்குள் போடுகிற காகித வடிகட்டி, கொக்கு மூக்குக் கெட்டில், கையால் சுற்றுகிற அரவை மெஷின், நகைக்கடையில் இருப்பது போல ஒரு குட்டித் தராசு, இதெல்லாம் என் வீட்டுக்காரர் கட்சி. சாந்தோமில் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் இரண்டாவது மாடி வீடு. நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளைகள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. ஆபீசுக்கும் சைக்கிள், லீவு நாளிலும் சைக்கிள்.

ஞாயிறு விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அடையாறு பாலம், திருவான்மியூர், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் கோவளம் வரை மிதித்துவிட்டு, கூடவே மூன்று பேரை அழைத்துக்கொண்டு திரும்பி வருவார். மயிலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பாய், நந்தனத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர், என் வீட்டுக்காரர் ஆபீசிலேயே வேலை பார்க்கிற ஒரு பெண். நாலு பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள். நான் துடைத்து வைத்த தரை ஐந்து நிமிடத்தில் நாசமாகிவிடும். அப்புறம் அவர் காபி போடுவதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். கோயிலில்கூட ஜனங்கள் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை.

அந்தக் காபிக்குப் பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. காபிக்கொட்டை பாக்கெட்டின் மேலே அதன் வாசம் ஆரஞ்சு, வெல்லம், மல்லிகை என்று அச்சடித்திருக்கும்.

"மல்லி வேணும்னா மாட வீதிக்குப் போய் ஒரு முழம் வாங்க வேண்டியதுதானே. கொட்டையில இன்னாத்துக்குத் தேடிக்கினு கீறீங்க?" என்பேன்.

"அண்ணி, ஒரு வாய் குடிச்சிப் பாருங்க, அப்பால பேசுங்க" என்பார் பாய்.

"டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், குடிக்கிறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர்களைச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடிக்கும், அதனால் வாராவாரம் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

உண்மையில் என் வீட்டுக்காரர் மூக்கை நான் கிண்டல் செய்ததே இல்லை. அது அப்படி ஒரு மூக்கு. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பின்னால் வந்து நின்று என் கழுத்தில் மூக்கை வைப்பார். "ஸ்டாஃப் ரூம்ல யாரோ மாவடு கொண்டாந்துகிறாங்க" என்பார். சரியாக இருக்கும். "அப்பால போங்க, வேர்த்துக் கொட்டிக்கினு கீறேன்" என்று தள்ளிவிடுவேன். தள்ளினாலும் போகமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும் வழியில் திருவான்மியூர் சிக்னலுக்கு முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்த என் வீட்டுக்காரர் சைக்கிளோடு விழ, பின்மண்டை தரையில் மோதியது. பாய் போன் செய்தபோது நான் பூசைக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ஓர் இரவு வைத்திருந்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாஸ்டர் இரண்டாகப் பிளந்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஹெல்மெட் போச்சு, தலை கீது. கணக்கு நேராயிடுச்சு டீச்சர்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

நாலைந்து நாள் கஞ்சியும் மாத்திரையுமாகக் கழிந்து, உடம்பு தேறியதும் அவர் முதல் காபி போட்டார். நான் உள்ளே புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. "செத்த கொட்டை. சுத்தமா செத்துப்போச்சு." இன்னொரு பாக்கெட்டைக் கிழிக்கிற சத்தம். மறுபடி அரைக்கிற சத்தம். அப்புறம் மூன்றாவது பாக்கெட். கடைசியில் அடையாறில் கொட்டை வறுத்துக் கொடுக்கிற ஆளுக்குப் போன் போட்டு, "பழைய சரக்கையெல்லாம் என் தலையில கட்டிட்டியேப்பா" என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்.

நான் மடிப்பைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தேன். ஏனென்றால் வீடே மணந்துகொண்டிருந்தது.

"ஏங்க, வாசல் வரைக்கும் மணக்குது. அந்த மனுஷனைப் போய் இன்னாத்துக்குத் திட்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். போனைக் கீழே வைத்தார். பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டார். பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்தார். பிறகு பாத்ரூமுக்குப் போய் பினாயில் பாட்டிலைத் திறந்தார். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமே வரலம்மா" என்றார்.

டாக்டர் நல்ல மனுஷர், பொறுமையாக விளக்கினார். மண்டை அடிபடும்போது உள்ளே மூளை குலுங்குமாம். அப்போது மூக்கிலிருந்து மேலே போகிற நூல் மாதிரி நரம்புகள் அறுந்துபோவதுண்டாம். நாக்கு பத்திரமாக இருக்கிறது, புளிப்பு, கசப்பு, உப்பு, இனிப்பு எல்லாம் தெரியும், மற்றதெல்லாம் மூக்கு சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது என்றார். வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் நாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "அவங்க யாருக்கும் சொல்லிடாத."

"ஏன், சொன்னா இன்னா? உங்க கூட்டாளிங்கதானே?"

"ஆபீஸ்ல நான் கழுத்துல தொங்குற ஒரு கார்டும்மா. ஞாயித்துக்கிழமைதான் நான் ஒரு ஆளு. அதுவும் போயிடுச்சுன்னா எனக்கு இன்னா கீது?"



அப்படித்தான் நான் அவருடைய மூக்கானேன். சனிக்கிழமை சாயங்காலம் புது பாக்கெட்டைப் பிரித்து எனக்கு மட்டும் ஒரு கப் போடுவார். எடை, சூடு, நேரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி, அதற்கு மூக்கு தேவையில்லை. நான் முகர்ந்து, குடித்து, என்ன வாசம் என்று சொல்ல வேண்டும். அதை மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் அவர்களிடம் சொல்லுவார்.

முதல் சனிக்கிழமை சண்டையில்தான் முடிந்தது.

"எப்படி கீது?"

"காபி மாதிரி கீது."

"காபி மாதிரின்னா?"

"காபி மாதிரின்னா காபி மாதிரிதாங்க! என்னைப் போய்க் கேக்கறீங்களே, எனக்கு இன்னா தெரியும்?"

மேஜையை ஓங்கித் தட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சுர்ரென்று ஏறியது, எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் சிந்தின காபியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி உட்கார்ந்து கப்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மழை பெய்யற அன்னிக்கு கிளாஸ் ரூம் ஓரத்துல பசங்க ஈரக் குடையெல்லாம் வைப்பாங்க இல்ல, அந்த வாசம் கொஞ்சம்."

"அப்புறம்?"

"இலந்தை வடை."

"அப்புறம்?"

"பூசை முடிஞ்சி எல்லாரும் போனப்புறம் கோயில்ல சாம்பிராணி மிச்சம் நிக்கும். அது கடைசியில வருது."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, நான் சொல்வதைக் காதால் முகர்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அவர்களிடம், "இலந்தை வடை வருதா பாருங்க" என்றார். அந்தப் பெண், "ஐயோ ஆமா சார்!" என்று குதித்தாள். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றேன். இப்படியே மாசங்கள் போயின. கொடுமை என்னவென்றால், அந்தக் காபி எனக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அவர் வாயிலிருந்து பிடுங்கித் தின்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடிப்பேன், குடித்துவிட்டு எனக்கே என் மேல் எரிச்சல் வரும்.

கிராம்பும் எலுமிச்சையும் வருஷம் முழுக்க நடந்தது. சில நாள் காலையில் பாத்ரூம் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் சோப்பை மூக்கருகில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். நான் கேட்கமாட்டேன். "இன்னிக்குக் கொஞ்சம் வந்த மாதிரி இருந்துச்சு" என்று அவராகச் சொல்வார். நான் "பாத்தீங்களா, சொன்னேன் இல்ல" என்பேன். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். வருஷம் முடிந்து போனபோது டாக்டர், இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆட்டோவில் வீடு வந்தோம். நந்தனம் சிக்னலில் நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. ஓலை பிடித்துப் போகிற பவனி சீக்கிரமே ஆரம்பிக்கும் என்பதால் நான் விடியற்காலையே கோயிலுக்குப் போய்விட்டேன். மற்ற ஞாயிறுகளில் கப்புகளையும் காபி இறங்குகிற கண்ணாடி ஜாடியையும் கழுவித் துடைத்து வைப்பது நான். அன்று அவர் செய்ய வேண்டியதாகிவிட்டது. அவருடைய பழைய பனியன் ஒன்றைக் கிழித்து இரண்டு துணி வைத்திருந்தோம். ஒன்று கப் துடைக்க. இன்னொன்று டீசல் ஊற்றி சைக்கிள் செயினைத் துடைக்க. செயின் துணியை முதல் நாள் அவரே சோப்புப் போட்டு அலசிக் காயப் போட்டிருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

நான் ஓலையும் கையுமாக மாடி ஏறி வந்தபோது அவர்கள் குடித்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போதெல்லாம் நான் விடுவதில்லையே, எடுத்து ஒரு வாய் வைத்தேன். டீசல். குமட்டிக்கொண்டு வந்தது. கப்புகளைப் பார்த்தேன். மூன்றும் காலி. அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு நல்லா வந்துச்சும்மா, எல்லாரும் சூப்பர்னாங்க" என்றார்.

நான் கீழே ஓடினேன். வாசலில் மாஸ்டர் பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாய், காபி எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சு அண்ணி" என்றார் பாய், சைக்கிளைப் பார்த்தபடி.

"பொய் சொல்லாதீங்க. டீசல் நாத்தம் அடிக்குது. எப்படிங்க குடிச்சீங்க?"

பாய் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "எங்களுக்கு எப்பவோ தெரியும் அண்ணி. வுழுந்து எந்திரிச்சு மறுபடியும் ஓட்ட வந்தான் பாருங்க, அன்னிக்கே தெரியும். அடையாறு பாலத்து மேல ஆத்து நாத்தம் தாங்காது, நாங்க எல்லாம் மூச்சைப் புட்ச்சிக்கினு மிதிப்போம். அவன்தான் எப்பவும் மொதல்ல 'மூச்சைப் புடி'ன்னு கத்துவான். அன்னிக்கு வாயைத் தொறந்து பேசிக்கினே வரான். மாஸ்டர் என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். அவ்ளோதான்."

"கேக்க வேண்டியதுதானே?"

"இன்னான்னு கேக்கறது அண்ணி? அவனா சொல்லட்டும்னு இருந்தோம்."

நடுத்தெருவில் ஓலையோடு நின்று அழுதேன். அந்தப் பெண் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு மூடி மறைக்கத் தெரியாது. மேலே போய் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கப் துடைத்த துணியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். ஜாடியில் இருந்ததைக் குடித்துப் பார்த்தார்.

"மூணு பேரும் குடிச்சிட்டாங்களா?"

"ஒரு சொட்டு வைக்கலீங்க."

"பாலத்துல பேசிக்கினே வந்தேனா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஒரு வருஷமாக அழாதவர், குழந்தை மாதிரி அழுதார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓய்ந்தபிறகு, என் இடுப்பில் முகத்தை வைத்தபடியே பேசினார்.

"காபி போனா போவுதும்மா. அந்தப் பாலத்து நாத்தம்கூட நினைச்சா ஞாபகம் வருது. மாவடு வருது. உன் வாசம் மட்டும் வரமாட்டேங்குது. தெனம் யோசிச்சுப் பாக்கறேன், கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கினே வருது. எல்லா வாசத்தையும் எனக்குச் சொன்னியே. அதைச் சொல்லேன்."

நான் யோசித்தேன். "சாக்பீஸ்" என்றேன். "தேங்காய் எண்ணெய். வேர்வை."

"அதெல்லாம் மேல ஒட்டினதும்மா. அதுக்கு அடியில ஒண்ணு இருக்கும்."

கொடியில் கிடந்த நேற்றைய ரவிக்கையை எடுத்து வந்தேன். தோளை முகர்ந்தேன், கழுத்துப் பட்டியை முகர்ந்தேன். சோப்பு இருந்தது, பவுடர் இருந்தது. அவற்றுக்கு அடியில் போகப் பார்த்தேன். என் மணிக்கட்டை முகர்ந்தேன். இலந்தை வடையும் ஈரக் குடையும் கண்டுபிடித்த என் மூக்குக்கு அங்கே எதுவும் தட்டுப்படவில்லை. அந்த வாசம் தெரிந்த மூக்கு உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது.

அவர் சனிக்கிழமைகளில் உட்காருவது போலவே கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா" என்றார்.

எனக்கு ஒன்றுமே வரவில்லை.