முதலியார் காரை நான் ஊமையாக்கிய கதை

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் மேல் சத்தியம், கச்சபேஸ்வரர் குளத்தின் மேல் சத்தியம், என் இரண்டு முழங்கால் வலியின் மேலும் சத்தியம்: இனி வரப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எங்கள் ஊரில் மேளக்காரர் சத்தத்தை விற்றார், மைக் செட்டுக்காரர் சத்தத்தை வாடகைக்கு விட்டார், சத்தமில்லாமையை விற்ற ஒரே ஆள் நான்தான். அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து எழுபதுகளில் பாதி வரைக்கும், மாகறல் போகிற ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு, பழைய கார்களின் கடகடப்பை அடக்கிக் கொடுத்தேன்.

பழைய காரில் போய் அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கதவு ஒரு தாளம் போடும், பானெட் இன்னொரு தாளம் போடும், டிக்கிக்குள் ஜாக்கி தனி ஆவர்த்தனம் வாசிக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் காரை நிறுத்தி, கீழே இறங்கி, சொல்லிவிட்டு மறுபடி ஏற வேண்டும். நீங்களும் பட்டவர்கள்தானே, கேளுங்கள்.

பெருமாளும் தாரும்

முதல் கிராக்கி சின்ன காஞ்சிபுரத்து ராகவாச்சாரியார். ரிடையரான சமஸ்கிருத வாத்தியார். மாமனார் வழியில் வந்த சீமைக் கார் ஒன்று வைத்திருந்தார். ஓட்டிக்கொண்டே பாசுரம் சொல்வது அவர் வழக்கம். சொல்வது தனக்கே கேட்கவில்லை என்பது அவர் குறை. நான் ரோடு போடுகிறவர்களிடம் ஒரு டின் தார் வாங்கி, காருக்குள் தரை முழுக்கப் பூசி, மேலே சாக்கை ஒட்டினேன். தகரம் அதிராமல் தார் பிடித்துக்கொள்ளும், சத்தம் தானாகக் குறையும். குறைந்தது. அவர் பாசுரம் மட்டுமல்ல, அதில் அவர் விட்ட இடங்களும் தெளிவாகக் கேட்டன.

வைகாசியில் கருட சேவை வந்தது. பெருமாள் வருகிற வழியில் காரை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, உள்ளேயே காத்திருந்தார். வெயில் ஏற ஏறத் தார் இளகி, சாக்கைத் தாண்டி மேலே வந்து, அவர் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டது. குடை தெரிகிறது, கருடன் தெரிகிறது, ஊரே தரையில் விழுந்து சேவிக்கிறது, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பிறகு நான்தான் போய், ஒரு படி நல்லெண்ணெய் ஊற்றி அவரை விடுவித்தேன். மனிதர் கோபப்படவே இல்லை. காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெருமாள் எதிரே எழுந்தருளியும் எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தவன் எங்க வம்சத்திலேயே நான் ஒருத்தன்தான். அவர் மன்னிச்சிடுவார், ஆத்துல மன்னிக்க மாட்டா."

ஜரிகை வரட்டி

தாரைக் கைவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தலையில் கை வைத்தபோது வழி காட்டியவன் கன்னியப்பன். பிள்ளையார்பாளையத்தில் எனக்கு அடுத்த வீடு, பட்டு நெசவு. தறியில் வெட்டிப் போடுகிற நூல் நுனி, அறுந்த பட்டு, ஜரிகைத் துணுக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்தான். ஒட்டுவதற்கு, பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி ஒரு அண்டா. கதவின் தகரத்துக்கும் உள் அட்டைக்கும் நடுவே பட்டைத் திணித்து, கூரைக்கு உள்பக்கமும் ஒட்டினேன். சத்தம் உள்ளே போய் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டது.

கூரத்து நாயக்கர் ஒருவர் காருக்கு இந்த வேலையைச் செய்தேன். நாயக்கருக்கு நிலம் கொஞ்சம், மாடு நிறைய, காரை நிறுத்துவதும் மாட்டுக் கொட்டகையில்தான். கஞ்சி வாசனை மாடுகளுக்குப் போய்விட்டது. மூன்றே நாளில் கூரையையும் நாலு கதவையும் தின்று தீர்த்தன. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே சத்தியம் செய்திருக்கிறேன், நம்புங்கள். அடுத்த வாரம் நாயக்கர் வாழை இலையில் எதையோ சுற்றி எடுத்து வந்து என் முன்னால் பிரித்தார். வரட்டி. வெயிலில் தகதகவென்று மின்னியது. "எங்க வீட்டு வரட்டியெல்லாம் ஜரிகை போட்டு வருதுபா. அடுப்புல வெக்க மனசு வராம, எங்க வீட்டம்மா பீரோவுல அடுக்கி வெச்சிக்கினு இருக்குது."

பதினெட்டு வருஷக் கடிகாரம்

கஞ்சியையும் விட்டேன். தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ரத்துக்கு மாறினேன். தொழில் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் வந்தார் தாமோதர முதலியார்.

பட்டுக்கடை முதலாளி. எங்கள் தெருவில் பாதித் தறிகள் அவருடையவை. தறியும் நூலும் அவர் கொடுப்பார், நெசவாளி வீட்டில் வைத்து நெய்து கொடுக்க வேண்டும். அவர் தறியில் வேறு யாருக்கும் ஒரு கைக்குட்டைகூட நெய்யக் கூடாது என்பது சட்டம். அவருடைய கார் தெரு முனையில் திரும்பினால் பக்கத்து ஊர் ஐயம்பேட்டையில் தூங்குகிற குழந்தை அழும். பட்டணத்திலிருந்து வந்த ஒரு கல்யாணப் பார்ட்டியை அதில் ஏற்றித் தறி காட்ட அழைத்துப் போனாராம். வந்தவர்கள் தலைவலி தாங்காமல், புடவை பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார்கள். அந்த அவமானத்தில் என்னிடம் வந்தார்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். என் மகள் மல்லிகாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடையில் கூறைப்புடவை வாங்க எனக்கு வசதி இல்லை. நூல் மட்டும் நான் வாங்கித் தர, கன்னியப்பன் தன் வீட்டுப் பின்கட்டில் இருந்த தறியில் ரகசியமாக நெய்துகொண்டிருந்தான். அந்தத் தறியும் முதலியாருடையதுதான். ரிப்பேரில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தான். இவ்வளவும் தெரிந்த நான், பதினோரு நாள் உட்கார்ந்து, கன்னியப்பன் கொடுத்த பட்டுக் கழிவாலேயே முதலியார் காரை அடக்கினேன். ஆடிய கதவுகளை இறுக்கினேன், பானெட்டுக்கு மெத்தை வைத்தேன், ஓட்டை சைலன்சரைப் புதிதாக மாற்றினேன். வேலை செய்கிறவன் கைக்குத்தான் மூளை, தலைக்கு இல்லை.

வெள்ளோட்டத்தில் டிரைவர் மாணிக்கம், எஞ்சின் ஓடுவது தெரியாமல் மூன்று தடவை ஸ்டார்ட் செய்தான். முதலியார் பின்சீட்டில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஓரிக்கை வரை போனார். திரும்பி வரும்போது மணிக்கட்டைக் காதில் வைத்தபடியே இறங்கினார். "என் கைக்கடிகாரம் ஓடுதுபா. பதினெட்டு வருஷமா நின்னு போச்சின்னு நெனச்சிக்கினு, அழகுக்குத்தான் கட்டிக்கினு இருந்தேன்."

நாலு வீடு

அந்தக் கார்ச் சத்தம் முதலியாருக்குத்தான் தொல்லை. எங்கள் தெருவுக்கு அது காவல். சத்தம் குளத்தங்கரையில் கேட்டால், வீட்டு வாசலுக்கு வந்து சேர ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகும். அதற்குள் பின்கட்டுத் தறிக்காரர் எல்லாம் எழுந்து, கதவைப் பூட்டி, முன்கட்டுத் தறியில் வந்து பயபக்தியாக உட்கார்ந்துவிடுவார்கள். வருஷக்கணக்காக நடக்கிற ஏற்பாடு. எனக்கும் தெரியும். காரை அடக்குகிற உற்சாகத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கார் பூனை மாதிரி தெருவுக்குள் வந்தது. நாலு வீடு பிடிபட்டது. மூன்றாவது வீட்டுக்காரர், கள்ளத்தனமாக நெய்துகொண்டிருந்த புடவையை மேலே சுற்றிக்கொண்டு, அம்மன் வந்துவிட்டதாக ஆட ஆரம்பித்தார். முதலியார் பக்திமான், செருப்பைக் கழற்றிக் குங்குமம் கேட்டுக் கை நீட்டிவிட்டார். புடவையின் மறுநுனி இன்னும் தறியிலேயே இருந்ததால் அம்மனால் இரண்டடிக்கு மேல் நகர முடியவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டார். நாலு வீட்டு நாடாக்களையும் பிடுங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு முதலியார் போய்விட்டார். நூலை ஓட்டுகிற நாடா இல்லாவிட்டால் தறி வெறும் மரச்சட்டம்.

கன்னியப்பன் வீடு தெருக்கோடியில் இருந்ததால், அம்மன் ஆட்டத்தின் கூச்சலில் உஷாராகித் தப்பினான். ஆனால் அன்றோடு பின்கட்டுத் தறியை நிறுத்திவிட்டான். புடவையில் முக்கால்வாசி முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு இருபது நாள். என் மனைவி ஜெகதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சோற்றுப் பானையை மூடி, அதன் மேல் அம்மிக் குழவியை வைத்தாள். சாயங்காலம் கன்னியப்பன் வந்து என் கொட்டகை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. "அண்ணா, மாட்டிக்கினா என் ரெண்டு தறியும் போயிடும், நான் புள்ளகுட்டிக்காரன். உன் பொண்ணுக்கு முந்தானை வேணும்னா, அந்தக் காருக்கு வாய நீயே தெறந்து வுடு."

ஒன்பது போல்ட்டு

மாணிக்கத்தைப் பிடித்தேன். அவனுக்கும் அந்தத் தெருவில் தினமும் கிடைத்துவந்த மோர் நின்றுபோயிருந்தது. செக்கிங் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் காரைக் கொண்டு வந்தான்.

இடது கதவுக்குள் ஒன்பது போல்ட்டு போட்டேன். ஓட்டிப் பார்த்தோம், கேட்கவில்லை. வலது கதவுக்குள் ஒரு படி புளியங்கொட்டை போட்டேன், கேட்கவில்லை. வீட்டிலிருந்து வெண்கல மூடி ஒன்றைத் திருடி வந்து பானெட்டுக்குள் தொங்கவிட்டேன். மாட்டு மணி இரண்டு கட்டினேன். எதைப் போட்டாலும் கன்னியப்பனின் பட்டு விழுங்கி ஏப்பம்கூட விடாமல் இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான், அதுவே என் மகள் கல்யாணத்துக்கு எதிரே மலையாக நின்றது. மாணிக்கம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னான்: "மேஸ்திரி, வேலை சரியில்லைன்னு உதை வாங்கினவன பார்த்துருக்கேன். நல்லா செஞ்சதுக்கு உதை வாங்கப்போறவன் நீ ஒருத்தன்தான்."

எழுந்து நின்ற தெரு

அப்புறம்தான் புத்தி வந்தது. சத்தம் காருக்குள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தெருவுக்குக் கேட்டால் போதும். காருக்கு அடியில் படுத்து, நானே போட்ட புது சைலன்சரில் ஆணி வைத்து நாலு ஓட்டை போட்டேன். ஸ்டார்ட் செய்தான். கொட்டகைக் கீற்றில் இருந்த அணில் மூன்றும் செங்கல்பட்டுப் பக்கம் ஓடின. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால், மாணிக்கம் எச்சில் விழுங்குவது கேட்டது.

முதலியார் ஏறினார். உள்ளே கடிகாரம் டிக் டிக்கென்றது, வெளியே வேட்டுக்கடை தீப்பிடித்த மாதிரி இருந்தது. கண்ணாடியை இறக்கிவிடாதபடி மாணிக்கம் தூசி, தூசி என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். கார் குளத்தங்கரைக்கு வருவதற்கு முன்பே தெருவில் அத்தனை பேரும் பின்கட்டிலிருந்து எழுந்து முன்கட்டுக்கு ஓடினார்கள். தறியில் உட்கார நேரமில்லாதவர்கள் வாசலுக்கு வந்து, முதலாளி எதிரே காதைப் பொத்த முடியாமல், கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். கன்னியப்பன் அன்று மத்தியானமே மறுபடி பின்கட்டுத் தறியில் உட்கார்ந்தான். முதலியாருக்கோ பெருமை தாங்கவில்லை. எனக்குச் சொல்லி அனுப்பி, கடைக்கு வரவழைத்துச் சொன்னார்: "சத்தம் போட்டுக்கினு போனப்ப ஒருத்தன் மதிக்கலபா. சத்தமில்லாம போறேன், தெருவே எழுந்து நிக்குது."

மஞ்சள் பை

கல்யாணத்துக்கு முந்தின நாள் புடவை தறியிலிருந்து இறங்கியது. அரக்கு உடல், பச்சைக் கரை. மல்லிகா அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தபோது, ஜெகதா இருபது நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில் முதலியார் வந்தார். கையில் மஞ்சள் பை. வாழ்த்திவிட்டுப் போகாமல் குனிந்து, மல்லிகாவின் முந்தானையை இரண்டு விரலால் பிடித்தார். பட்டுக்கடைக்காரருக்குக் கரையும் உடலும் சேர்கிற இடத்தைப் பார்த்தால் போதும், யார் கை என்று தெரிந்துவிடும். மேளம் வாசிக்கிறது, எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. கன்னியப்பன் பந்தலின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். முதலியார் முந்தானையை மெதுவாக விட்டுவிட்டு, அவனிடம் போய் மஞ்சள் பையைக் கொடுத்தார். உள்ளே நாலு வீட்டு நாடாக்களும் இருந்தன. பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

மாணிக்கம் பெட்ரோல் போடக் காரை எடுத்துப் போனபோது, அவர் கடை வாசலில் நின்றிருக்கிறார். ஓட்டை போட்ட பிறகு அவர் வெளியே நின்று தன் காரின் சத்தத்தைக் கேட்டது அன்றைக்குத்தானாம். மாணிக்கத்தை நிறுத்திக் கேட்க, நாலு ஓட்டையையும் அவன் சொல்லிவிட்டானாம். அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "நான் வரது கேட்டா அவங்க மூடி வெப்பாங்க, நானும் பார்க்கமாட்டேன். ஒரே ஒரு நாள் பார்த்துத் தொலைச்சேன், நாடாவப் பிடுங்க வேண்டியதா போச்சி, இப்ப கடையில காட்டறதுக்குப் புடவை இல்ல. நாலு ஓட்டைதானே போட்டிருக்க, இன்னும் ரெண்டு போடுபா."

ஆக, சத்தத்தை அடக்கி நான் வாங்கிய நல்ல பெயரைவிட அதை அவிழ்த்துவிட்டு வாங்கிய பெயர்தான் பெரியது. ஆனால் முதலியாரின் பேரன்மார் இன்னும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், தெருவே மரியாதையால்தான் எழுந்து நின்று தாத்தாவைக் கும்பிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஆகையால் இதைச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.