வீட்டுக் கடனுக்கு ஒரு பிரிவுக் கடிதம்

இன்று மத்தியானம் நானும் கணவரும் மோர்னிங்சைட் பிளாசாவில் இருக்கும், வீட்டுக் கடன் எடுத்துத் தரும் ஒரு மோர்ட்கேஜ் புரோக்கரிடம் போனோம்.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் உள்ள ஒரு நாட்டுப்புற மாவட்டத்தில், முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் கடன் கொடுக்கிறது. குடும்ப வருமானம் ஓர் எல்லைக்குள் இருக்கவேண்டும். எங்களுடையது கொஞ்சம் கூடிவிட்டது.

புரோக்கர் சிரித்தார். "உது ஒரு பிரச்சினையே இல்லை அக்கா. அண்ணை உங்களை விட்டிட்டுப் போட்டார் எண்டு ஒரு கடிதம் எழுதுவம். உங்கடை சம்பளம் மட்டும் எண்டால் கடன் கிடைக்கும்."

அந்த அண்ணை எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

"பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றேன்.

"எல்லாரும் செய்யினம் அக்கா," என்று சொல்லி, எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் பெயரையும் சொன்னார். போன மாதம்தான் அவர்களின் இருபத்தைந்தாவது கல்யாண நாள். மண்டபம் எடுத்து, மாலை மாற்றி, கேக் வெட்டினார்கள். நானும் பட்டுச்சேலை கட்டிப் போய் வாழ்த்திவிட்டு வந்தேன். அரசாங்கத்தின் கோப்பில் அவர்கள் பிரிந்து இரண்டு வருடமாம்.

உண்மையிலேயே கணவன் விட்டுப்போன ஒருத்தி அதே கடனுக்குப் போய் நின்றால், அவளை இனி யார் நம்புவார்கள்?

எழும்பி வந்துவிட்டோம்.

காருக்குள் ஏறியதும் கணவர் மெதுவாகக் கேட்டார். "நான் எந்தத் திகதியிலை விட்டிட்டுப் போனனான் எண்டு போடுவினமாம்?"

இப்படிக் கேட்கிற மனுசனுக்கு, பொய்யாக இல்லை, உண்மையாகவே இன்றைய திகதியைப் போடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?