மூடி திறந்த பிரேக் ஆயில்

ஜெபதுரை ஒரு பிரேக் ஆயில் டின்னைத் திறந்தால், வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கழிவு டப்பாவில் கொட்டிவிடுவார். இதைச் சொல்லிச் சிரிக்காத மெக்கானிக் ராஜபாளையத்தில் கிடையாது. பக்கத்துப் பட்டறைக்காரனான நானும் சிரித்தவன்தான்.

"ஏலே முத்துவீரா, இந்த ஆயிலு காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சும்லே. தண்ணி சேர்ந்தா சூட்டுல கொதிச்சுரும். பொறவு பெடலை மிதிச்சா தரை வரைக்கும் போவும், வண்டி நிக்காது" என்பார். தேவதானத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் ஒரு பஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பிரேக் வேலை மட்டுமே பார்த்த மனிதர். அவருக்குத் தெரியாதா?

எண்பத்தாறில் பஞ்சாலை முதலாளி மகன் காளிராஜுக்குக் கார் பந்தயப் பித்து பிடித்தது. பழைய பியட் ஒன்றைப் பந்தய வண்டியாக்கும் வேலையை ஜெபதுரையிடம் கொடுத்தார். பந்தயச் சூட்டைத் தாங்கும் வெளிநாட்டு பிரேக் ஆயில் ஒரே ஒரு டின், கப்பல்காரர் ஒருவர் மூலம் வந்து சேர்ந்தது. அதை ஆயுத பூஜையில் வைத்தார்கள். வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? மூடியைத் திறந்தா வைப்பார்கள்? அந்த மில்லில் எண்ணெய் டப்பாக்களைத் திறந்து வைத்துக் கும்பிடுவதுதான் வழக்கமாம். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்தார்கள். மழை விடாமல் பெய்த மூன்று நாளும் அந்த டின் திறந்தே கிடந்தது.

"இதை ஊத்த மாட்டேன் முதலாளி. தண்ணி சேர்ந்துட்டு, ஊத்துனா வண்டி நிக்காது. வேற டின் வரட்டும்" என்றார் ஜெபதுரை.

"சாமிக்கு வச்சது ஒமக்கு ஆகாதோ? வேதக்காரன் புத்தியக் காட்டிட்டீரே!" என்றார் காளிராஜ்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. அவரிடம் வேலைக்கு விட்டிருந்த வண்டிகளை ஒவ்வொருவராக ஓட்டிக்கொண்டு போனார்கள். அடப்பாவிகளா, அவர் குறை சொன்னது சாமியையா, தண்ணீரையா?

அந்த ஆயிலை ஊற்றியவன் நான். பெரிய வீட்டு வேலை என்னைத் தேடி வந்த பூரிப்பில், ஜெபதுரை சொல்லிக் கேட்டதெல்லாம் மறந்துபோய் ஊற்றினேன்.

ஓட்டிப் பார்க்க டிரைவர் கருத்தப்பாண்டியை அனுப்பினார்கள். செங்கோட்டை மலை இறக்கத்தில் அஞ்சாவது வளைவில் பிரேக் இல்லை. பாறையில் மோதி அவன் வலது கால் நொறுங்கிவிட்டது. காளிராஜ் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் ஜெபதுரை வாய்முகூர்த்தம்." எப்படி இருக்கிறது நியாயம்!

ஆஸ்பத்திரிக்கு ஜெபதுரை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். கருத்தப்பாண்டியின் மனைவி செல்லத்தாய், "நீரு சொன்ன வாயி பலிச்சுட்டுல்லா, இப்ப பார்க்க வேற வந்தீராக்கும்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் கைகாட்டியிருக்கலாம். மனிதர் ரொட்டியை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. தூ, நானும் ஒரு மனிதன்!

வேலை வராமல் ஜெபதுரை பட்டறையை மூடி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை பார்க்கப் போனார்.

அடுத்த ஆயுத பூஜையில் அதே மில்லில், எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "ஊத்துனது நான். தண்ணி கலந்த ஆயிலு. ஜெபதுரை அண்ணாச்சி சொன்னதுதான் சரி." காளிராஜ் சிரித்தார். "நல்ல நாளும் அதுவுமா பழசை எதுக்குப் பேசுதீரு?" என்று பொரிப் பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

பொட்டலத்தோடு நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ஜெபதுரை ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்து பிரேக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் சொன்னதைச் சொன்னேன். தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"செல்லத்தாய்கிட்டச் சொன்னியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒரு வருசமா அந்தப் பொம்பளை என்னைத்தான் ஏசிக்கிட்டு இருக்கா. கால் போனது அவ புருசனுக்கு. மொதல்ல அங்க போய்ச் சொல்லு. பொறவு இங்க வா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஜீப்புக்கு அடியில் போய்விட்டார்.