ஊமைப் படத்துக்கு ஜான் பீ சொன்ன வசனம்

மன்னிப்பது பெரிய குணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவர்கூட விரலைப் பறிகொடுத்தவர் இல்லை. எனக்கு அந்தக் குணம் கிடையாது. அரூருக்கு வெளியே சேகோ ஃபேக்டரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவிய ஜான் பீக்கும் கிடையாது. நாங்கள் சிநேகிதமானதே அதனால்தான்.

ஜான் பீயின் அப்பா சர்தார், சந்தை சந்தையாகப் போய்க் கண்ணாடி வளையல் விற்றவர். சின்ன வயதில் அவளும் கூடப் போவாள். வளையல் போட வந்த பெண்கள் பேரம் பேசுவது, கை வலிக்கிறது என்று சிணுங்குவது, போகிற போக்கில் மாமியாரைத் திட்டுவது எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் அதே குரலில் பேசிக் காட்டுவாள். கன்னடக்காரப் பெண் தமிழில் கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று அவள் பேசிக் காட்டினால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். குடை, டார்ச் லைட் ரிப்பேர் செய்யும் காசிமுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். ஆனால் எங்கள் பக்கம் மழை ஏமாற்றினால் குடைக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அவள் சேகோவுக்கு வந்தாள்.

சேகோ என்றால் ஜவ்வரிசி செய்யும் இடம். குச்சிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரி லாரியாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் சீவுவோம். சீவிய கிழங்கை அரவை மெஷினில் போட்டு அரைத்து, பாலைத் தொட்டியில் தெளிய வைத்து, மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயப் போடுவார்கள். இவ்வளவுக்கும் மேலே மேஸ்திரி குப்புராஜ். முதலாளி கிருஷ்ணப்பனுக்கு ஏதோ வகையில் மச்சான் முறை. கையைத் தட்டிக்கொண்டே வருவார். "ஆவட்டும், ஆவட்டும்!" அதுதான் அவர் வாயில் எப்போதும். எங்கள் ஊரில் ஒரு விஷயத்துக்குச் சரி என்று சொல்ல "ஆவட்டும்" என்போம். நல்ல வார்த்தை. அந்த ஆள் வாயில் அது சாட்டையாகிவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தால் ஆவட்டும், முதுகை நிமிர்த்தினால் ஆவட்டும்.

நான் பிரசவத்துக்காக ஏரியூரில் அம்மா வீட்டில் இருந்தபோது அது நடந்தது. அரவை மெஷினில் நார்க் கிழங்கு சிக்கிக்கொள்ளும். சுவிட்சை நிறுத்திவிட்டு ஒருத்தி கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். எடுத்தவள் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். அன்று ஜான் பீ கையை விட்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் வெளியே லாரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் "ஆச்சு" சொல்லவில்லை. மெஷின் ஓடியது. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் போயின.

"மேஸ்திரிதான் போட்டாரு" என்றாள் அவள். "நான் அப்போ களத்துல இருந்தேன். ஓடற மெஷின்ல அவளே கையை வுட்டுட்டா" என்றார் குப்புராஜ். பார்த்தவர் யாரும் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி டீ குடித்துவிட்டு, கவனக் குறைவு என்று முடித்துக்கொண்டு போனார்.

விரல் போனதைவிட அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தால் மேஸ்திரி அவளை நேரே ஜான் பீயிடம் கூட்டி வருவார். "ஏ ஜான் பீ, கையைக் காட்டு." அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்ட வேண்டும். "பாத்துக்கோ. கவனம் இல்லாம வேலை செஞ்சா இதுதான் கதி." அந்தப் பெண் பயந்து போய்ப் பார்ப்பாள். ஜான் பீ கையை மடக்கிக்கொண்டு மறுபடி சீவ ஆரம்பிப்பாள். எனக்கு அந்த ஆளின் கழுத்தையே சீவலாமா என்று இருக்கும். பொய் சொன்னது ஒரு பாவம் என்றால், அந்தப் பொய்க்கு அவள் கையையே சாட்சியாக நீட்ட வைத்தது இன்னொரு பாவம்.

"வுட்டுடு, அல்லா பாத்துக்குவான்" என்று காசிம் அவளிடம் சொல்வாராம்.

"அல்லா பாக்கட்டும். நானும் பாக்கணும்" என்பாள் அவள். நஷ்ட ஈடு, வேறு வேலை, எதையும் அவள் கேட்கவில்லை. "சுவிட்சப் போட்டது நான்தான்னு அந்த ஆளு வாயால சொல்லணும் தங்கம்மா. எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கிழங்கு சீவச் சீவ அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

எண்பத்து நான்காம் வருஷம் ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். ஜான் பீயின் விரலைத் தின்ற அரவை மெஷினுக்குத்தான் பெரிய மாலை. போட்டவர் குப்புராஜ். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்தார்கள். அந்த வருஷம் முதலாளிக்குப் புதிய யோசனை. பக்கத்து ஃபேக்டரிக்காரர் ஆட்களுக்கு வேட்டி சேலை எடுத்துக் கொடுத்துப் பேர் வாங்கிவிட்டாராம். நாம் சினிமா காட்டுவோம் என்று, தருமபுரியிலிருந்து சலாவுதீன் பாயை மெஷினோடு வரவழைத்திருந்தார். அம்மன் படம் என்று சொன்னார்கள். ஜவ்வரிசி மூட்டை அடுக்கும் குடோனில் ஜன்னல்களுக்கெல்லாம் சாக்குக் கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கினார்கள். சுவரில் வெள்ளைத் துணி. முன்னால் முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் நாற்காலி. நாங்கள் எல்லோரும் மடியில் பொரியோடு தரையில் உட்கார்ந்தோம்.

படம் ஓடியது. அம்மனைக் காணோம். கோபுரத்தைக் காணோம். வெள்ளைக்காரன் ஒருவன் ஒட்டடைக்குச்சி போல வந்து நின்றான். சத்தமும் இல்லை.

"பாயி, சவுண்டு வைய்யி!" என்று வறுப்பு அடுப்புக்காரர்கள் கத்தினார்கள். விசில் பறந்தது. சலாவுதீன் பாய் டப்பாவை டார்ச் அடித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று அவரிடம் இரண்டு டப்பாக்கள் இருந்திருக்கின்றன. ஒன்று எங்களுக்கு, இன்னொன்று தருமபுரியில் ஏதோ படித்தவர்கள் சங்கத்துக்கு. டப்பா மாறிவிட்டது. "இது ஊமைப் படம்ங்க. அந்தக் காலத்துல வந்தது. பேசவே பேசாது" என்றார். தருமபுரியில் அந்த நேரம் கண்ணாடி போட்ட பெரியவர்கள் எங்கள் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"வந்தது வந்துட்டுது, ஓட்டுங்க பாய்" என்றார் முதலாளி.

படம் ஒரு தகர டப்பா ஃபேக்டரியில் நடந்தது. நீளமான பெல்ட்டில் டப்பாக்கள் நகர்ந்து வரும். ஒட்டடைக்குச்சிக்காரன் ஒவ்வொன்றுக்கும் மூடியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட வேண்டும். அவனுக்கு மேலே ஒரு தடியன், சட்டையில் கடிகாரச் சங்கிலி. அவன் ஒரு நெம்புகோலைப் பிடித்து இழுத்தால் பெல்ட் வேகமாக ஓடும். ஒட்டடைக்குச்சிக்கு மூக்கு அரிக்கிறது. சொறியப் போனால் டப்பா தப்பிவிடும். மூக்கைத் தோளில் தேய்க்கிறான், டப்பாவில் தேய்க்கிறான். வேலை நின்று சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவன் கை நிற்கவில்லை, சூப்புத் தட்டைச் சுத்தியலால் அடிக்கிறான். குடோனே சிரித்து உருண்டது. எனக்கு மட்டும் சிரிப்போடு அழுகையும் வந்தது. நானும் வீட்டில் தூக்கத்தில் கிழங்கு சீவுகிறேன் என்று என் புருஷன் சொல்வார்.

"அய்யோ பாவம், மூக்கச் சொறியக்கூட வுட மாட்டேங்கறானே, பாவி!" என்றாள் என் பின்னால் இருந்த செல்லம்மாள்.

"அந்த ஊர்லயும் மேஸ்திரி இருக்கறான் பாரு" என்று யாரோ இருட்டில் சொன்னார்கள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. குப்புராஜ் திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை.

தடியன் மறுபடி வந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான். அப்போது குடோனில் ஒரு குரல் கேட்டது. "ஆவட்டும், ஆவட்டும்! மாமியா வூட்டுக்கா வந்திருக்கீங்க?"

அது குப்புராஜின் குரல்தான். ஆனால் குப்புராஜ் வாயைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த ஜான் பீதான், முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு பேசினாள். தடியன் வாய் திறக்கும்போதெல்லாம் மேஸ்திரி பேசினார். "என்னா மூக்கு அரிக்குதா? மூக்க வூட்டுல வெச்சுட்டு வா! ஆவட்டும், ஆவட்டும்!" கை தட்டும் சத்தம்கூட அச்சாக இருந்தது. ஆட்கள் சிரித்துச் சிரித்துப் பொரியைக் கொட்டினார்கள். முதலாளியே தொடையைத் தட்டிச் சிரித்தார். மேஸ்திரியும் சிரிக்க வேண்டியதாயிற்று. முதலாளி சிரிக்கும்போது அவர் வேறு என்ன செய்வார்? அவர் நாற்காலியில் நெளிவதைப் பார்க்க எனக்கு இனிப்பாக இருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பெல்ட் நின்றுவிடுகிறது. ஒரு டப்பா சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. ஒட்டடைக்குச்சி குனிந்து கையை உள்ளே விடுகிறான். தடியன் நெம்புகோலிடம் போகிறான். அது சிரிப்புப் படம், அவன் கைக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனால் எங்கள் குடோனில் சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லோரும் ஜான் பீ பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். இப்போது முந்தானை இல்லை.

"மேஸ்திரி, கை உள்ள இருக்குதுங்க. போட்டுடாதீங்க" என்று தன் குரலில் சொன்னாள்.

பிறகு மேஸ்திரி குரலில்: "இருந்தா இருந்துட்டுப் போவுது. கை போனா உனக்குத்தான், மெஷின் நின்னா எனக்கு. ஆவட்டும், ஆவட்டும்!"

துணியில் தடியன் நெம்புகோலை இழுத்தான்.

குப்புராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. வெள்ளைக்காரத் தடியன் அவர் சட்டைமேல் ஆடினான். "பொய்! பொய் சொல்றா! நான் அப்படிச் சொல்லவே இல்ல! 'எடுத்துட்டியா'ன்னு கேட்டுட்டுத்தான் சுவிட்சப் போட்டேன்! அவதான் வாயத் தொறக்கல!"

புரொஜெக்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தான் சொன்னது என்ன என்று அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"ஏம்பா குப்புராஜு" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். "நீ அன்னிக்குக் களத்துல இருந்தேன்னு சொன்னியே?"

ஜான் பீ உட்கார்ந்தாள். "அப்படி அவரு சொல்லலதான் தங்கம்மா" என்று என் காதில் சொன்னாள். "வெறும் ஆவட்டும்தான் சொன்னாரு. மிச்சம் நான் சேத்தேன். செய்யாதத சொன்னாத்தான், செஞ்சது வெளிய வரும்னு நெனச்சேன்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். அவருக்குப் பயம். ஃபேக்டரியே கேட்டுவிட்டது, இனி அதிகாரி மறுபடி வந்தால் டீயோடு போக மாட்டார். "அவன வேலைய வுட்டு அனுப்பிடறேன்மா. போதுமா?" என்றார்.

"அனுப்பாதீங்க மொதலாளி" என்றாள் ஜான் பீ.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று வெளியே போய் எல்லோரிடமும் சொன்னார். எனக்கு மட்டும் பொசுக்கென்று போயிற்று. இவளும் மன்னிக்கிற ஜாதிதானா என்று அவள்மேலேயே கோபம் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு மொதலாளி" என்று அவர் வெளியே போகும் முன்பே அவள் கேட்டிருந்தாள். "புதுசா ஆள் வந்தா கையக் காட்டற வழக்கம் இருக்குதில்லீங்க, அது நிக்கக் கூடாது. அவரும் கூட நிக்கணும்."

முதலாளிக்கு என்ன புரிந்ததோ, "ஆவட்டும்மா" என்று சொல்லிவிட்டார்.

தை மாதம் ஏரியூர்ப் பக்கமிருந்து பாஞ்சாலி என்று ஒரு பெண் புதிதாக வந்தாள். அவளைப் பார்த்ததும் குப்புராஜ் களத்துப் பக்கம் நழுவப் பார்த்தார். ஜான் பீ கத்தியைக் கீழே வைத்தாள்.

"மேஸ்திரி, எங்க போறீங்க? புதுப் பொண்ணு வந்திருக்குது. கையக் காட்டுங்க."

அவர் முதலாளி அறையைப் பார்த்தார். முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. நாங்கள் எல்லோரும் சீவுவதை நிறுத்திவிட்டோம். அவர் இடது கையை அரைகுறையாக நீட்டினார்.

"அந்தக் கை இல்லீங்க. சோத்துக் கை."

குப்புராஜ் வலது கையை நீட்டினார். ஐந்து விரலும் அப்படியே இருந்தன. பாஞ்சாலி ஒன்றும் புரியாமல் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கோ கண்ணு" என்றாள் ஜான் பீ. "மெஷினுக்குப் பயப்படாத, அது சுவிட்சப் போட்டாத்தான் ஓடும். என் வெரலத் தின்னது இந்தக் கை. இது சுவிட்சுப் பக்கம் போறதப் பாத்தா உன் கைய வெளிய எடுத்துடு."

அவர் கையை இறக்கப் போனார். "இருங்க, பொண்ணு இன்னும் சரியாப் பாக்கல" என்றாள். அவர் நீட்டியபடியே நின்றார். அவள் அவசரப்படவில்லை. கத்தியைக் கல்லில் தீட்டி, ஒரு கிழங்கை எடுத்து முழுசாகச் சீவி முடித்தாள். அதன் பிறகுதான் தலையை நிமிர்த்தி, அவருடைய குரலிலேயே சொன்னாள்:

"ஆவட்டும், ஆவட்டும்."