ஒன்பது பேருக்கு மேல் ஏறாத ஜீப்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, கோட்டயத்தில் புரோட்டாக் கல், நடுவில் லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டுக் கம்பம் வந்தபோது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேலை கிடைத்தது. விடியும் முன் பெண்களை ஜீப்பில் ஏற்றி, கம்பம் மெட்டு மலைப்பாதை தாண்டிக் கேரளத்துத் தோட்டத்தில் இறக்க வேண்டும். ஓட்டுநர் போக, என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். அது யாருக்கும் அதிசயமில்லை.

பிறகு தோட்டத்துக்காரர், எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டுமென்று பயணப் பதிவுக்கு ஒரு செயலி செய்யச் சொன்னார். செய்தவர் நகரத்திலிருந்து காரில் வந்தார். அந்த ஜீப்பில் ஒருநாளும் ஏறவில்லை. விதிகளை மட்டும் நன்றாகப் படித்திருந்தார். ஒன்பது பேருக்குத்தான் அனுமதி, பத்தாவது பெயரை இது வாங்காது என்று, மலையையே நகர்த்தியவர்போலச் சொன்னார்.

"சார், பதினாலு பேர் ஏறுறாகளே" என்றேன்.

"அது தப்பு. சிஸ்டம் அனுமதிக்காது."

"சிஸ்டம் அனுமதிக்கலன்னா வண்டி நின்னுருமா?"

அது தன் வேலையில்லை என்றார். தோட்டத்துக்காரரும் இன்னொரு ஜீப் அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து தோட்டத்தில் கொடுத்த போனில் ஒன்பது பேர், ஜீப்பில் பதினான்கு பேர். போனில் முதல் பெயர் என்னுடையது. பின்னால் தொங்குகிறவள் பெயர் சர்க்காருக்கு எதற்கு என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழைநாள் ஒன்றில், மேலே ஏறும்போதே வளைவில் சறுக்கி ஜீப் ஓடைக்குள் சாய்ந்தது. எனக்கு முன்பல் இரண்டு போயின. கடைசியாக ஏறிப் பின்னால் தொங்கிவந்த ஓர் அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. என் பல்லுக்கு அந்த வாரமே நஷ்டஈடு வந்தது. அக்காவுக்கு வைத்தியச் செலவும் இல்லை, கூலியும் இல்லை. செயலிக்காரரைப் போனில் பிடித்தேன். பதிவின்படி அந்தப் பெண் பயணமே செய்யவில்லை என்றார், மிக மரியாதையாக.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். எடை கட்டித் தொங்கவிட்டிருந்த காலைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டாள்:

"நான் வண்டியிலயே ஏறலையாக்கும்? அப்ப இந்தக் காலு எங்கன ஒடிஞ்சுச்சுன்னு அவுககிட்டயே கேட்டுட்டு வா தம்பி."

கேட்கப் போகவில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பதினான்கு பெயரையும் எழுதி, ஏற்றியவன் நானே என்று கையெழுத்துப் போட்டேன். அதைப் போலீசுக்குக் கொண்டுபோகப் போவதாகத் தோட்டத்து ஆபீசில் காட்டினேன். பதிவேட்டைவிட அந்தக் கிழிந்த தாளுக்குத்தான் பயந்தார்கள். இரண்டே நாளில் அக்காவுக்குப் பணம் போனது.

அடுத்த திங்கட்கிழமை, செயலியில் ஒன்பதாவது பெயருக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் இருந்தது. "கூடுதலாக யாரும் ஏறவில்லை என உறுதியளிக்கிறேன்" என்று அதில் எழுதியிருந்தது. அதைத் தொட்டால்தான் பட்டியல் போகும்.

ஜீப்புக்குள் அக்கா இடத்துக்கு வந்த புதுப் பெண்ணோடு சேர்த்துப் பதின்மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, தொட்டுட்டு ஏறு. நேரமாச்சு" என்றான் ஓட்டுநர்.

போனை அவன் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.